தரையைக் கேட்டு விரிப்பை விரி

"கூழானாலும் குளித்துக் குடி" என்பது நம் பழமொழி. குளிக்கச் சொன்ன முன்னோர், குளிக்கும் இடத்தின் தரையைப் பற்றித் தனியே ஒன்றும் சொல்லிச் செல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அவர்களுக்கு இருக்கவில்லை. ஆற்றுப் படித்துறையும் கிணற்றடியுமே அந்நாளில் குளிக்குமிடங்கள். நம் கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் வீட்டின் பின்புறம் பொடக்காணி என்று ஓர் இடம் இருக்கும். அங்கே ஒரு கருங்கற் பலகை கிடக்கும். அதன்மேல் நின்று குளித்தால், வழிந்த நீர் வாய்க்காலில் ஓடி வாழைக்கும் தென்னைக்கும் பாயும். கல் சொரசொரப்பானது, கால் வழுக்காது. வெயில் பட்டதும் உலர்ந்துவிடும்.

இன்று நகரத்தில் பொடக்காணி நான்கு சுவர்களுக்குள் புகுந்து குளியலறை ஆகிவிட்டது. வெயில் இல்லை, காற்றும் குறைவு. தரையில் நீர் தேங்குகிறது. அதன்மேல் சோப்பு படிகிறது. வீட்டிலேயே மிகவும் ஆபத்தான இடம் எது என்று கேட்டால் பலரும் அடுப்படியைச் சொல்வார்கள். முதியோர் உள்ள வீட்டில் குளியலறையும் அதற்குச் சளைத்ததன்று. உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுவதால் உயிரிழக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் பெரும்பாலோர் அறுபது வயதைக் கடந்தவர்கள். எனவே குளியலறைத் தரை என்பது அழகு பற்றிய செய்தி மட்டுமன்று. அத்தரையில் விரிப்பு ஒட்டுவது எப்படி என்பதை, ஒரு முறை தவறாகச் செய்து மறு முறை திருத்திக்கொண்டவன் என்ற தகுதியோடு இங்கே எழுதுகிறேன்.

முதல் முயற்சி

ஈரோட்டில் நாங்கள் குடியிருப்பது ஒரு லைன் வீடு. குளியலறை 5 அடி அகலமும் 8 அடி நீளமும் உடையது. பழைய சிமெண்டுத் தரை. பல ஆண்டுப் புழக்கத்தில் அது வழவழவென்று தேய்ந்திருந்தது. ஒருநாள் காலையில் என் அம்மாயி அங்கே வழுக்கி உட்கார்ந்துவிட்டார். நல்ல வேளையாக எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று முதல் குளிக்கப் போகும்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

கடைத்தெருவில் லினோலியம் என்று கேட்டு, மேற்புறம் சொரசொரப்பான விரிப்பு ஒன்றை வாங்கி வந்தேன். அறை முழுவதையும் மூடும்படி, நீர் போகும் ஜாலிக்கு மட்டும் ஒரு துளை விட்டு, சமையலறைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். தரையைத் துடைத்து, ஈரம் காயும் முன்பே, மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையால் ஒட்டினேன். மாலைக்குள் வேலை முடிந்தது. பார்த்தவர் எல்லாரும் பாராட்டினர்.

ஆறு வாரம் கூட அந்தப் பாராட்டு நிலைக்கவில்லை. முதலில் ஓரங்கள் எழும்பின. பிறகு நடுவில் கொப்புளம் போல் உப்பியது. மிதித்தால் அடியில் நீர் சலசலத்தது. நாற்றமும் வந்தது. ஒருநாள் எழும்பிய ஓரத்தில் அம்மாயியின் கால்விரல் சிக்கியது. தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டதால் தப்பினார். "ஏஞ்சாமி, வழுக்குனதுக்கு மருந்து போட்டு இப்பத் தடுக்கி உழ வச்சுட்டியே" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விரிப்பை உரித்துப் பார்த்தேன். அடித்தரை முழுவதும் கருத்துப் பூஞ்சை பிடித்திருந்தது.

எங்கே தவறினேன் என்பதை அறிய, நான் வாங்கிய பொருள் எது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டியிருந்தது.

பெயர் ஒன்று, பொருள் வேறு

உண்மையான லினோலியம் 19-ஆம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு. ஃபிரடெரிக் வால்டன் என்ற ஆங்கிலேயர், வர்ணப் பாத்திரத்தில் ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு ஆடை போல உறைந்து கிடப்பதைக் கண்டார். அந்த ஆடை ரப்பர் போல வளைந்து கொடுத்தது. 1863-ஆம் ஆண்டில் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆளிச் செடிக்கு இலத்தீன் மொழியில் லினம் என்றும், எண்ணெய்க்கு ஓலியம் என்றும் பெயர். இரண்டையும் சேர்த்து லினோலியம் என்று அவரே பெயரிட்டார். உறைந்த எண்ணெயோடு மரப்பிசின், தக்கைத் தூள், மரத்தூள், சுண்ணாம்புக்கல் தூள், வண்ணம் ஆகியவற்றைக் கலந்து, சணல் துணியின்மேல் அழுத்திப் பரப்பினால் அதுவே லினோலியம்.

இப்பெயரை வேறு எவரும் பயன்படுத்தக் கூடாது என்று வால்டன் தரப்பினர் தொடுத்த வழக்கு தோற்றது. பெயர் பொதுச்சொல் ஆகிவிட்டது என்று 1878-இல் இங்கிலாந்து நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று பொதுவான பெயர் இன்றுவரை பொதுவாகவே வழங்குகிறது. நம் கடைகளில் லினோலியம் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் விரிப்பே. பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. அதனோடு சில திரவங்களைச் சேர்த்தால் மென்மையாகி வளையும் என்பதை 1926-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வால்டோ செமன் கண்டறிந்தார். அதன் பின்னரே அது விரிப்பாகும் தகுதி பெற்றது. பி.வி.சி. நமக்கு அயலான பொருளன்று. நம் அண்டை ஊரான மேட்டூரில் 1967-ஆம் ஆண்டு முதலே அது உற்பத்தியாகி வருகிறது.

இவ்விரண்டில் குளியலறைக்கு ஏற்றது எது? வேதியியல் மாணவர்கள் இதற்கு எளிதில் விடை கூறுவர். எண்ணெயோடு காரம் சேர்ந்தால் சோப்பு உண்டாகும் என்பது ஆய்வுக்கூடத்தில் நாம் செய்து பார்த்த சோதனை. லினோலியத்தின் உயிர்நாடியே எண்ணெய்தான். சலவைச் சோடாவும் சோப்புத் தூளும் நாள்தோறும் கரையும் தரையில் அதை விரித்தால், காரம் அதை மெல்ல மெல்ல அரிக்கும். மரத்தூளும் சணலும் நீரை உறிஞ்சி உப்பும். ஆகவே லினோலியம் உலர்ந்த கூடத்துக்கு உரியது. குளிக்கும் இடத்துக்கு உரியதன்று. பி.வி.சி.யில் எண்ணெய் இல்லை, காரம் அதை அவ்வளவு எளிதில் தாக்காது, நீரும் ஊடுருவாது.

அப்படியானால் நான் வாங்கியது பி.வி.சி. விரிப்புத்தானே, அது ஏன் கெட்டது? விரிப்பு கெடவே இல்லை. உரித்துக் கழுவியபோது புதிது போலவே இருந்தது. கெட்டது அதன் அடியில் இருந்த எல்லாம். நீர் விரிப்பின் வழியாக நுழையவில்லை; ஓரத்தின் வழியாகவும் ஜாலித் துளையின் வழியாகவும் நுழைந்தது. நுழைந்த நீருக்கு வெளியேற வழியில்லை. நீரில் கரையும் வெள்ளைப் பசையோ பால் போலாகிக் கைவிட்டது.

வாட்டம் என்னும் ஒரு சொல்

தரையைப் பார்க்க வந்த கொத்தனார் ஒருவர் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். பாதி நீர் ஜாலிக்குப் போயிற்று. மீதி நடுவிலும் மூலையிலும் குளம் கட்டி நின்றது. "தண்ணி போற வழியப் பாக்காம மேல எதை விரிச்சு என்னங்க தம்பி? வாட்டமே இல்லைங்களே" என்றார்.

வாட்டம் என்பது கட்டட வேலையில் சரிவைக் குறிக்கும் சொல். குளியலறைத் தரை ஜாலியை நோக்கி ஒரு மீட்டருக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் வரை தாழ வேண்டும். அதற்குக் குறைந்தால் நீர் தேங்கும். மிகுந்தால் முதியவர்கள் நடக்கத் தடுமாறுவர்.

மேல்நாட்டு வழிகாட்டிக் குறிப்புகளை நம்பி நாம் ஏமாறுவதும் இந்த இடத்தில்தான். குளிர் நாடுகளில் தொட்டிக்குள் அமர்ந்தோ, தடுப்புக்குள் நின்றோ குளிக்கிறார்கள். வெளித்தரையில் சில துளிகள் சிந்தினால் உண்டு. அவர்கள் தரை மட்டமாக இருக்கலாம். சுவருக்குச் சுவர் விரிப்பை ஒட்டலாம். நாமோ வாளியில் மொண்டு ஊற்றிக் குளிப்பவர்கள். நம் குளியலறைத் தரை ஒரு கூடமன்று. அது ஒரு வாய்க்கால். வாய்க்காலின்மேல் பவானி ஜமுக்காளத்தை விரித்து வைப்பவர் உண்டா? நான் செய்தது ஏறத்தாழ அதுதான்.

எனவே அறையை இரண்டாகப் பிரித்தோம். உட்புறம் ஜாலியைச் சுற்றி 5 அடிக்கு 4 அடி, குளிக்கும் பகுதி. கதவை ஒட்டிய 5 அடிக்கு 4 அடி, துணி மாற்றும் பகுதி. முன்னதற்கு விரிப்பு கூடாது. பின்னதற்கு மட்டுமே விரிப்பு.

குளிக்கும் பகுதியில் பழைய பூச்சைக் கொத்தியெடுத்து, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் வீதம் கலந்து, வாட்டத்தோடு புதிதாகப் பூசினார் கொத்தனார். 4 அடி என்பது ஏறத்தாழ 1.2 மீட்டர். மீட்டருக்கு 1.5 சென்டிமீட்டர் வீதம் கணக்கிட்டால் மொத்தத் தாழ்வு 1.8 சென்டிமீட்டர், அதாவது முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவு சிறிய வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது, நீருக்குத் தெரியும். வழவழப்பாகத் தேய்த்து முடிக்காமல், பூச்சு இறுகும் முன் தென்னந் துடைப்பத்தால் இலேசாகக் கீறிவிட்டார். பொடக்காணிக் கல்லின் சொரசொரப்பு அதில் திரும்பி வந்தது. ஏழு நாள் நீர் தெளித்து வைத்தோம்.

இனி விரிப்புக்கு வருவோம். இதைக் கொத்தனார் இன்றி நாமே செய்யலாம்.

செய்முறை

முதற்கண், தரை உலர்ந்ததா என்று காண வேண்டும். மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கக்கூடும். ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் தாளைத் தரையில் பரப்பி, நான்கு ஓரங்களையும் ஒட்டு நாடாவால் அடைத்து ஒரு நாள் விட்டுவிடுங்கள். மறுநாள் தாளின் அடியில் நீர்த்துளி அரும்பியிருந்தாலோ, தரை கருத்திருந்தாலோ, இன்னும் காத்திருக்க வேண்டும். எங்கள் தரை இத்தேர்வில் இரு முறை தவறி மூன்றாம் முறைதான் தேறியது. அதுவரை குளிக்கும் நேரம் போகக் கதவைத் திறந்தே வைத்திருந்தோம்.

இரண்டாவது, தரையைச் செப்பனிடல். மெல்லிய விரிப்பு அடியிலுள்ள ஒவ்வொரு குறையையும் மேலே காட்டிக் கொடுக்கும். ஒரு மணல் கூடச் சில நாளில் பரு போலத் தெரியும். மேடுகளைத் தேய்த்து, குழிகளைச் சிமெண்டுக் குழம்பால் நிரப்பி, காய்ந்தபின் தூசியைத் துடைக்க வேண்டும். இந்தப் பகுதிக்கும் குளிக்கும் பக்கமாகச் சிறிது வாட்டம் இருப்பது நலம். ஒரு கோலிக்குண்டை வைத்துப் பாருங்கள். அது உட்புறம் உருண்டால் சரி. ஐயம் இருந்தால் ரசமட்டம் வைத்துப் பார்க்கலாம்.

மூன்றாவது, அளவு. அறை சரியான செவ்வகம் என்று நம்பிவிடக் கூடாது. மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து பாருங்கள். 5 அடிக்கு 4 அடி என்றால், பிதாகரஸ் தேற்றப்படி 25-உம் 16-உம் சேர்ந்து 41. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 6.4. ஆகவே மூலைவிட்டம் 6 அடி 5 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். எங்கள் அறையில் ஒன்று அதைவிட ஓர் அங்குலம் கூடுதல், மற்றொன்று ஓர் அங்குலம் குறைவு. இத்தகைய அறைக்கு அளவுநாடாவை மட்டும் நம்பி வெட்டினால் ஒரு பக்கம் இடைவெளி விழும்.

அதற்கு எளிய வழி தாள் அச்சு எடுப்பது. பழைய செய்தித்தாள்களை ஒட்டித் தரை முழுவதும் பரப்பி, சுவர் ஓரம் வரை மடித்து அழுத்தி, கோடு கிழித்து வெட்டுங்கள். குழாய் தரையில் இறங்கும் இடத்தையும் அதில் குறித்துக்கொள்ளுங்கள். தாள் கெட்டால் இழப்பு ஒன்றுமில்லை. வேறொரு தாள் போடலாம். விரிப்பு கெட்டால் மறுபடி கடைக்குத்தான் போக வேண்டும்.

நான்காவது, விரிப்பைப் பழக்குதல். சுருளாக வந்த விரிப்பை அவ்வறையிலேயே விரித்து ஒரு நாள் கிடக்க விடுங்கள். சுருண்டு எழும் குணம் தணியும். அறையின் வெப்பத்துக்கும் அது பழகிவிடும். இரவு முழுவதும் கிடந்தால் மறுநாள் அது தரையோடு படிந்திருப்பதைக் காணலாம்.

ஐந்தாவது, வெட்டுதல். தாள் அச்சைவிட ஒவ்வொரு பக்கமும் 2 அங்குலம் கூடுதலாக முதலில் வெட்டிக்கொள்ள வேண்டும். 5 அடிக்கு 4 அடித் தரைக்கு 5 அடி 4 அங்குலம், 4 அடி 4 அங்குலம் என்று கொள்க. இப்படி ஒரே துண்டாக அமைந்தால் இணைப்பு வராது. இணைப்பு இல்லாத இடத்தில் நீர் நுழையாது. பின்பு அறையில் பரப்பி, இரும்பு அளவுகோலால் சுவரோரத்தில் நன்கு அழுத்தி, அதன் ஓரமாகக் கூரிய கட்டர் கத்தியால் அறுக்க வேண்டும். ஒரே வெட்டில் அறுக்க முயல வேண்டா. இலேசாக மூன்று முறை இழுத்தால் வெட்டு நேராக விழும், கையும் தப்பும். கத்தி எப்போதும் உடலை விட்டு விலகிச் செல்ல வேண்டும். குழாய்க்கு வட்டமாகத் துளையிட்டு, துளையிலிருந்து அருகிலுள்ள சுவர் வரை ஒரு கீறல் இட்டால் விரிப்பு குழாயைச் சுற்றிப் படியும்.

ஆறாவது, ஒட்டுதல். பி.வி.சி. விரிப்புக்கென்று விற்கும், நீரில் கரையாத பசையையே வாங்க வேண்டும். செயற்கை ரப்பர்ப் பசையாயின், அதன் ஆவி எளிதில் தீப்பற்றும், தலையும் சுற்றும். கதவையும் சன்னலையும் திறந்து வைத்து, அடுப்பு, ஊதுபத்தி முதலிய நெருப்பை அணைத்துவிட்டே வேலையைத் தொடங்குக. விரிப்பின் ஒரு பாதியை மடித்து வைத்துக்கொண்டு மறு பாதியின் அடித்தரையில் பசையை மெல்லியதாகப் பரப்ப வேண்டும். டப்பாவில் குறித்துள்ள நேரம் வரை பொறுத்திருந்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தடவிப் படிய வைக்க வேண்டும். பிறகு அடுத்த பாதி. கடைசியில் பூரிக்கட்டையால் உருட்டினால் அடைபட்ட காற்று வெளியேறும். கட்டையை மீண்டும் அடுப்படிக்குள் விடுவார்களா என்பதை வீட்டில் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது!

ஏழாவது, ஓரம் அடைத்தல். நான் முதல் முறை அடியோடு விட்டுவிட்ட வேலை இதுவே. சுவரோரம், குழாயைச் சுற்றிய இடம், கீறிய கீறல் ஆகிய எல்லாவற்றையும் சிலிகோன் அடைப்பானால் அடைக்க வேண்டும். குளிக்கும் பகுதியை நோக்கிய விளிம்பில் சிலிகோனை இட்டு, அதன்மேல் தட்டையான அலுமினிய விளிம்புப் பட்டை ஒன்றைப் பொருத்த வேண்டும். அப்போது விளிம்பு எழும்பாது; கால் தடுக்காது. ஒரு நாள் முழுவதும் யாரும் மிதிக்காமலும் நீர் படாமலும் காக்க வேண்டும். வீட்டில் உள்ளவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் அன்று எல்லாரும் அடுத்த வீட்டுக் குளியலறைக்கு விருந்தாளிகள் ஆனோம்.

காப்பது எப்படி?

நம் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்புநீர். காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும். சோப்போடு சேர்ந்தால் பிசுபிசுப்பாகப் படியும். அதைப் போக்க ஆசிட் ஊற்றித் தேய்க்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அமிலம் சிமெண்டை அரிக்கும். அதன் புகை மூச்சைத் தாக்கும். வெந்நீரும் இலேசான சோப்பும் துடைப்பமும் போதும். குளித்தவுடன் ஒரு முறை நீரைத் தள்ளிவிட்டால் திட்டே விழாது. ரப்பர் அடிப்புறம் கொண்ட கால்மிதியை பி.வி.சி. விரிப்பின்மேல் நிரந்தரமாகப் போடக்கூடாது, ரப்பரிலுள்ள சில பொருள்கள் விரிப்பில் ஏறி மஞ்சள் கறையை உண்டாக்கும், அது போகாது. பருத்தித் துணி மிதியே நல்லது. அதையும் நாள்தோறும் உலர்த்த வேண்டும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். எந்த விரிப்பும் வழுக்கலை முற்றிலும் ஒழித்துவிடாது. சுவரில் உறுதியாகப் பதித்த ஒரு கைப்பிடிக் கம்பியும், உட்கார்ந்து குளிக்க ஒரு முக்காலியும், இரவில் எரியும் ஒரு சிறு விளக்கும் முதியோருக்கு விரிப்பைவிடப் பெரிய துணை. கைப்பிடியை நாங்களும் பின்னரே பதித்தோம். முதலிலேயே பதித்திருக்க வேண்டும்.

முடிவுரை

தானே ஒரு வேலையைச் செய்து பழகுபவனுக்கு முதலில் வரும் ஆசை, கண்ணுக்குத் தெரியும் பகுதியை விரைந்து முடித்துவிட வேண்டும் என்பதே. எனக்கும் அவ்வாசையே வந்தது. முதல் முறை விரிப்பு ஒட்டியது ஒரு மாலைப்பொழுது. அதில் தரையைப் பற்றி நினைத்தது ஒரு நிமிடம்கூட இல்லை. இரண்டாம் முறை தரைக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. விரிப்பு ஒட்ட மூன்று மணி நேரமே ஆயிற்று. அந்த விரிப்பு இன்றும் ஓரம் எழும்பாமல் கிடக்கிறது.

நண்பர்களே, உங்கள் வீட்டுக் குளியலறைக்கு விரிப்பு வாங்கும் எண்ணம் இருந்தால், கடைக்குப் போகுமுன் ஒரு வாளித் தண்ணீரை எடுத்துத் தரையில் ஊற்றுங்கள். அது எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நிற்கும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுங்கள். அந்த வட்டங்கள் மறைந்த பிறகு விரிப்பைப் பற்றி யோசிக்கலாம்.

அம்மாயி இப்போது சுவரைப் பிடிக்காமல் குளிக்கப் போகிறார். கைப்பிடியை மட்டும் ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.